இளங்கன்றுகளின் மூட்டு வீக்கம்

பிறந்து சில நாட்களே ஆன கன்று நொண்டினால், தாய்ப்பசு மிதித்துவிட்டதென்று எண்ணி வீங்கிய முழங்காலில் சூடு போடுவோர் உளர். இது வீண் வேதனையேயாகும். இந்நோய் பெரும்பாலும் புகும் வழி கொப்பூழே. ஈரமான கொப்பூழ்க்கொடி அசுத்தமான தொழுவத்தரையில் படுங்கால் கிருமிகள் உட்புகுந்து, இரத்தத்தோடு சென்று மூட்டுகளில் தங்கிச் சீழ் பிடிக்கச் செய்கின்றன. அப்போது கொப்பூழ் வெளியே ஆறியதுபோலவும் தோன்றலாம்.

கன்று பிறந்தவுடன் கொடியை 7 சதவீத டிங்க்சர் அயோடினில் தோய்த்து, உலர்ந்த வைக்கோலில் கிடத்துக. கிருமிகளை எதிர்க்கும் சக்தி கன்றுக்குச் சீம்பாலிலிருந்தே கிடைப்பதால், வீட்டார் அதைக் கிண்டி உண்ணுமுன், முதல் 6 மணி நேரத்திற்குள் கன்றுக்கு வயிறார ஊட்டவேண்டும். நொண்டல் கண்ட அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டினால் கன்று பிழைக்கக்கூடும். சீழ் மூட்டை அரித்துவிட்டபின் எம்மருந்தாலும் அம்மூட்டு பழைய நிலையடைவதில்லை.