மண்ணுக்குள் ஓர் ஊர் – 7: வேரடியில் ஒரு துரு வளையம்

பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கம் நவரை நட்டு ஒரு மாதமான வயலில் ஒரு குத்தைப் பிடுங்கிச் சேற்றை அலசிப் பாருங்கள். வேர் துருப்பிடித்த நிறத்தில் இருக்கும். அது நோயல்ல. நெல், தண்டிலுள்ள காற்றறைகள் வழியே பிராணவாயுவை வேருக்கு இறக்குகிறது. அதில் கொஞ்சம் வெளியே கசியும்போது, சேற்றில் கரைந்திருக்கும் இரும்பு துருவாகி வேர்மேல் படிகிறது. மில்லிமீட்டர் கணக்கில் அகலமுள்ள இந்த வளையத்தில்தான் அசோஸ்பைரில்லம், சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன.

வேர் கசியவிடும் சர்க்கரையும் கரிம அமிலங்களும் இவற்றுக்குச் சாப்பாடு. பதிலுக்கு அசோஸ்பைரில்லம் காற்றின் நைட்ரஜனைப் பிடிக்கிறது. வேரைக் கிளைக்க வைக்கும் ஹார்மோனும் சுரக்கிறது. சூடோமோனாஸ், குலைநோய்க் காளானை மட்டுப்படுத்துகிறது.

இந்த ஏற்பாட்டை முதலில் கெடுப்பது யூரியா. நைட்ரஜனைப் பிடிப்பது பாக்டீரியாவுக்குச் செலவு மிகுந்த வேலை. பக்கத்திலேயே யூரியாவிலிருந்து அம்மோனியா தாராளமாகக் கிடைத்தால் அதற்கான நொதியைச் செய்வதையே அது நிறுத்திவிடும். செங்கல்பட்டில், கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் இணையத்தின் ஆய்வகத்தில் ஆய்வாளர் முத்துக்குமாரசாமி குழுவினர் கரும்பில் இதைப் போன்ற விளைவைப் பார்த்தார்கள். தழைச்சத்து அதிகம் இட்ட பயிரிலிருந்து நைட்ரஜன் பிடிக்கும் பாக்டீரியாக்களைப் பிரித்தெடுப்பதே அரிதானது என்று 1999-இல் எழுதினார்கள். அவற்றில் ஒன்றை நெல்லிலும் கண்டதாக 2005-இல் அறிவித்தார்கள்.

யூரியாவை அடியோடு விடு என்று நான் சொல்லவில்லை. விளைச்சல் விழுந்தால் கட்டுரையாளனா ஈடு கட்டப் போகிறான்? பிரித்துப் பிரித்து, பயிர் கேட்கும்போது இட்டால் போதும். பொட்டலத்தில் விற்கும் அசோஸ்பைரில்லம் நுண்ணுயிர் உரம் ஹெக்டேருக்கு 2 கிலோ என்றால் அதை 25 கிலோ மட்கிய தொழுவுரம், 25 கிலோ மண்ணோடு கலந்து தூவ வேண்டும். யூரியாவோடு ஒரே கூடையில் கொட்டிக் கலந்து வீசினால் பொட்டலக் காசு சேற்றோடு போச்சு. தண்ணீரிலும் அப்படித்தான், காய்ச்சலும் பாய்ச்சலும் நல்லது. நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் மறுபடி பாய்ச்சினால் மண்ணுக்குள் காற்று நுழையும், மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் அடங்கும். நிலம் வெடிக்கும்வரை விட்டால், இட்ட தழைச்சத்தே ஆவியாகிப் போகும்.

இவையெல்லாம் விவசாயியின் கையில் இருப்பவை. சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய வயல்களில் அவர் கையில் இல்லாத ஒன்றும் உண்டு: ஆலைக் கழிவோடு வரக்கூடிய கன உலோகம்.

இங்கிலாந்தின் வோபர்னில் ஒரு சோதனை வயலில் 1942 முதல் 1961 வரை நகரக் கழிவுக் கசடை எருவாக இட்டார்கள். நிறுத்தி இருபது ஆண்டுக்கு மேலான பிறகும் அங்கே வளர்ந்த குளோவர் தீவனச் செடியின் வேர்முடிச்சுகள் நைட்ரஜனைப் பிடிக்கவில்லை. கசடோடு வந்த காட்மியம் முதலான உலோகங்கள் மண்ணிலேயே தங்கி, வேலை செய்யும் பாக்டீரியாவை ஒழித்திருந்தன. செடியோ பார்வைக்கு உயிரோடுதான் இருந்தது. கன உலோகம் மட்கிப் போகாது, மழையில் எளிதில் கரைந்து ஓடாது. அப்படிப்பட்ட மண்ணில் எத்தனை பொட்டலம் தூவி என்ன?

விவசாயிக்கு அரசு தரும் மண்வள அட்டை 12 விஷயங்களைச் சொல்கிறது: கார அமிலத் தன்மை, உப்பு, கரிமம், தழை, மணி, சாம்பல், துத்தநாகம் என்று. ஈயமும் காட்மியமும் அதில் இல்லை. ஆலைகளைச் சுற்றியுள்ள கிராமங்களுக்காவது அந்த இரண்டையும் சேர்த்துப் பரிசோதித்து, முடிவை விவசாயியின் கையில் கொடுக்க வேளாண் துறை முன்வர வேண்டும்.