துணியிலும் ஆளிலும் வீண் இல்லை: மாதலேன் வியோனேயின் கணக்கு

பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் மாதலேன் வியோனே பிறந்தது 1876-இல். 11 வயதை ஒட்டியே தையல் வேலைக்கு அனுப்பப்பட்ட ஏழைப் பெண். 1912-இல் பாரிஸில் சொந்த நிறுவனம் தொடங்கினார். முதல் உலகப்போரால் 1914-இல் மூடி, 1918-இல் மறுபடி திறந்து, 1939-இல் அடுத்த போர் வந்தபோது ஒரேயடியாக மூடினார். ஆக, நிறுவனம் இயங்கியது சுமார் 23 ஆண்டுகள். பெண்களின் உடையை அவர் மாற்றியமைக்க அது போதுமானதாக இருந்தது.

துணிக் கணக்கு

பாவுக்கும் ஊடைக்கும் 45 பாகை சாய்வாக வெட்டுவதை நம் தையல்காரர்கள் கிராஸ் கட் என்பார்கள். இப்படி வெட்டிய துணி இழுத்தால் கொடுக்கும், உடம்போடு ஒட்டி விழும். அதுவரை பெரும்பாலும் காலருக்கும் ஓரப்பட்டிக்கும் பயன்பட்ட இந்த வெட்டை வியோனே முழு ஆடைக்கும் கொண்டுவந்தார். கார்செட் போட்டு உடம்பை இறுக்கத் தேவையில்லாமல் போயிற்று.

ஆனால் கிராஸ் வெட்டு துணியைத் தின்னும். 1 மீட்டர் நீளமும் 40 செ.மீ. அகலமும் உள்ள ஒரு துண்டை நேராக வெட்ட 0.4 சதுர மீட்டர் போதும். அதையே சாய்த்து வெட்ட, பக்கத்துக்கு 99 செ.மீ. உள்ள சதுரத் துணி வேண்டும், அதாவது 0.98 சதுர மீட்டர், ஏறத்தாழ இரண்டரை மடங்கு. மூலைகளில் மிஞ்சுவதை வேறு துண்டுகளுக்குச் சேர்த்தாலும் செலவு கூடவே செய்யும்.

இதற்கு வியோனே இரண்டு வழி கண்டார். ஒன்று, பியாங்கினி-ஃபெரியே நிறுவனத்திடம் வழக்கத்தைவிட அகலமான கிரேப் துணியை நெய்யச் சொல்லி வாங்கினார். மற்றொன்று, துணியைச் சதுரமாகவே விட்டுவிட்டார். 1920-ஐ ஒட்டி அவர் செய்த ஓர் ஆடையில் இருப்பவை 4 சதுரங்கள், முன்னால் 2, பின்னால் 2. சதுரத்தை மூலையைப் பிடித்துத் தொங்கவிட்டால் கிராஸ் தானாகவே நெட்டுக்குத்தாக வந்துவிடும். 1 மீட்டர் சதுரம் 1.41 மீட்டர் நீளம் தரும். அதே சதுரத்திலிருந்து வட்டம் வெட்டினால் 21.5 சதவீதம் வீண். சதுரத்தில் வீண் எதுவும் இல்லை.

புது வடிவங்களை முதலில் ஒரு சிறிய மரப்பொம்மையின்மீது துணி சுற்றித்தான் பார்ப்பார். பொம்மை பாதி அளவு என்றால் நீளமும் பாதி, அகலமும் பாதி. ஒத்திகைக்குக் கால்பங்குத் துணிதான் செலவு.

ஆள் கணக்கு

துணியில் இவ்வளவு சிக்கனம் பார்த்தவர் ஊழியர்களிடம் அதைக் காட்டவில்லை. 1923-இல் மோன்டேன் அவென்யூவின் 50-ஆம் எண் கட்டடத்துக்குக் குடிபெயர்ந்த நிறுவனத்தில், உச்ச காலத்தில் சுமார் 1,200 பேர் வேலை செய்தார்கள். அங்கே மருத்துவர், பல் மருத்துவர், உணவுக்கூடம், பிரசவ விடுப்பு எல்லாம் உண்டு. பிரான்ஸில் எல்லாத் தொழிலாளர்களுக்கும் 2 வாரச் சம்பள விடுமுறை சட்டமானது 1936-இல்தான். வியோனே அதற்கு முன்பே கொடுத்துவிட்டார். தையல்காரிகளுக்கு முக்காலிக்குப் பதில் முதுகு சாயும் நாற்காலி போட்டார். சிறுவயதிலேயே ஊசி பிடித்தவருக்கு முதுகுவலி என்னவென்று தெரியாதா?

களவும் காப்பும்

நகல் எடுப்பவர்கள் அன்றும் இருந்தார்கள். அவர்களைத் தடுக்க வியோனே தன் ஒவ்வொரு வடிவத்தையும் முன், பின், பக்கவாட்டு என 3 கோணங்களில் படமெடுத்துப் பதிவு செய்தார். லேபிளில் கையெழுத்தோடு தன் பெருவிரல் ரேகையையும் பதித்தார்.

1952-இல் அவர் பிரெஞ்சு ஆடைக்கலைச் சேகரிப்புக்குக் கொடுத்தவை: 122 ஆடைகள், 750 மாதிரித் துணிவெட்டுகள், 75 புகைப்படத் தொகுப்புகள், நிறுவனத்தின் கணக்குப் புத்தகங்கள். ஆடைகளைவிட மாதிரி வெட்டுகள் 6 மடங்கு என்பதைக் கவனியுங்கள். பார்ப்பவர்களைவிட, கற்றுக்கொள்ள வருபவர்களுக்கே அவர் அதிகம் சேர்த்துவைத்தார். ஆய்வாளர் பெட்டி கிர்க் அவருடைய வெட்டுகளை வரைபடங்களாக்கிப் புத்தகமாகவே கொண்டுவந்தார்.

வியோனே 1975-இல், 98 வயதில் மறைந்தார். ஒரு வடிவமைப்பாளரை அவரது ஆடையை உடுத்திய பிரபலங்களின் எண்ணிக்கையால் அளப்பது வழக்கமாகிவிட்டது. வீணாகாத துணியையும், சாய்ந்து உட்கார்ந்து தைத்த பெண்களையும் எண்ணி அளந்தால் அவருக்கு இணையாக மிகச் சிலரே தேறுவார்கள்.