கருவியை இயக்கும் கைக்கும் சான்று வேண்டும்

இரவு வாகனச் சோதனையில் மூச்சுப் பரிசோதனைக் கருவி காட்டும் எண்ணை மறுக்கவியலாத அறிவியல் உண்மையென்றே பலரும் ஏற்றுக்கொள்கின்றனர். ஆனால் அந்த எண்ணின் நம்பகத்தன்மை கருவியை மட்டுமன்றி, அதை இயக்கும் காவலரின் பயிற்சியையும் சார்ந்தது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆவது பிரிவின்படி, 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்க வாகனம் ஓட்டுவது குற்றம். முதல் முறைக்கே ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். நாள் வாடகைக்கு ஆட்டோ ஓட்டும் தொழிலாளிக்கு இத்தொகை பல வாரக் குடும்பச் செலவு.

கருவி அளக்க வேண்டியது நுரையீரலின் ஆழத்திலிருந்து வரும் காற்றை. சற்றுமுன் வாய் கொப்பளித்த ஆல்கஹால் கலந்த மருந்தோ, ஏப்பமோ எண்ணை உயர்த்திவிடும். முந்தைய சோதனையின் எச்சமும் அவ்வாறே. ஆகவே ஒவ்வொருவரையும் சோதிக்கும் முன் கருவி சுழியம் காட்டுவதை உறுதிசெய்தல் வேண்டும். இதனை 2025இல் கேரள உயர் நீதிமன்றமும் வலியுறுத்தியது.

இத்தகைய நடைமுறைகள் நாளடைவில் தளர்ந்துவிடும் என்பதால்தான் அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் இயக்குநரின் சான்றுக்குக் கால வரம்பு உண்டு. மீண்டும் பயின்றே அதனைப் புதுப்பிக்க வேண்டும். நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் 2008இல், சோதனைக்கு முன் 20 நிமிடம் அந்நபரைக் கண்காணிக்க வேண்டும் என்றும், கருவி சீராக இருந்ததும் இயக்கியவர் சான்று பெற்றவர் என்பதும் மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்றும் கூறியது. கருவிகளின் அளவுத்திருத்தத்தில் வெப்பநிலையைச் சரிபார்க்கும் ஒரேயொரு படி விடுபட்டதால், 2018இல் அதே நீதிமன்றம் 20,667 சோதனைகளின் முடிவுகளை ஏற்க மறுத்தது.

நம் சட்டத்தின் 203ஆவது பிரிவோ, காவலர் சீருடையில் இருக்க வேண்டும், கருவியின் வகை மத்திய அரசின் ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும் என்கிறது. இயக்குபவரின் பயிற்சி குறித்து அதில் ஒரு சொல்லும் இல்லை. யாரை நிறுத்துவது என்பது காவலரின் ஐயத்தைப் பொறுத்தது. சேரி என்றாலே குடி என்று எண்ணிப் பழகிய சமூகத்தில் அந்த ஐயம் சாதியற்றதாக இருக்கும் என்று நாம் நம்புவதற்கில்லை. பயிற்சியற்ற கையில் கருவி அந்த முன்முடிவைத் திருத்தாது. அதற்கு ஓர் எண்ணைச் சூட்டிச் சான்றாக்கிவிடும்.

குடித்துவிட்டு வாகனம் ஓட்டுவதை நாம் நியாயப்படுத்தவில்லை. சாலையோரம் நடப்பவரும் உறங்குபவரும் நம் மக்களே. நாம் கோருவது காலமுறை மறுசான்றிதழ்ப் பயிற்சியை. அதுவரை இரண்டை நினைவில் கொள்வோம். 185ஆவது பிரிவில் கைதானவர் இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்தப்படாவிடில் விடுவிக்கப்பட வேண்டும் என்கிறது 202ஆவது பிரிவு. கருவி கடைசியாக எப்போது அளவுத்திருத்தம் செய்யப்பட்டது, இயக்குபவர் எப்போது பயிற்சி பெற்றார் என்பவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்த மாணவரும் கேட்கலாம். கேட்போம்.