துவாஸ் திடலுக்கும் ஒரு வரலாறு உண்டு

சிங்கப்பூர் வரைபடத்தின் மேற்குக் கோடியில் இருக்கிறது துவாஸ். பெரும்பகுதி கடலைத் தூர்த்து எடுத்த நிலம். கப்பல் பட்டறைகள், ரசாயன ஆலைகள், இரும்புக் கிடங்குகள் நிறைந்த பேட்டை. மலேசியாவுக்குச் செல்லும் இரண்டாம் இணைப்புப் பாலம் 1998-இல் இங்கேதான் திறந்தது. துவாஸ் துறைமுகத்தின் முதற்கட்டம் 2022 செப்டம்பரில் திறப்பு விழா கண்டது. இவற்றை எழுப்பிய கைகளில் புதுக்கோட்டை, சிவகங்கை, தஞ்சை, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த கைகள் ஏராளம். வங்கதேசத்துக் கைகளும் அவற்றோடு சேர்ந்தே உழைத்தன.

வாரமெல்லாம் தலைக்கவசமும் பாதுகாப்புக் காலணியுமாக நடமாடும் இவர்கள், ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஜெர்சி மாட்டிக்கொள்கிறார்கள். டென்னிஸ் பந்து கிரிக்கெட், கால்பந்து, இடம் கிடைத்தால் கபடி. ஊர்ப் பெயரில் ஓர் அணி, கம்பெனிப் பெயரில் ஓர் அணி. அறைத் தோழர்கள் காசு போட்டு மட்டை வாங்குகிறார்கள். இரவு ஷிப்ட் முடித்தவர் தூக்கத்தைத் தள்ளிவைத்துவிட்டு வந்து பந்து வீசுகிறார்.

இதை வெறும் பொழுதுபோக்கு என்று கடந்துபோனால் சிங்கப்பூர் விளையாட்டு வரலாற்றின் பாதியைக் கடந்துபோனவர்களாவோம். பெரிய மைதானத்தில் இடம் மறுக்கப்பட்டவர்கள் தமக்கென ஓர் அணியையும் ஒரு திடலையும் உண்டாக்கிக்கொண்ட கதை இந்த நகரத்தில் நூறாண்டுக்கு மேல் பழையது. அதில் தமிழர்களின் பங்கு பெரிது.

பாடாங்கின் இரு முனைகள்

நகர மண்டபத்துக்கு எதிரே விரிந்து கிடக்கிறது பாடாங் புல்வெளி. அதன் ஒரு முனையில் இருப்பது 1852-இல் தொடங்கிய சிங்கப்பூர் கிரிக்கெட் கிளப். நீண்ட காலம் அது ஐரோப்பியருக்கு மட்டுமே உரியதாக இருந்தது. மறுமுனையில், யுரேசியர்கள் 1883-இல் தங்களுக்கென அமைத்துக்கொண்ட சிங்கப்பூர் ரிக்ரியேஷன் கிளப். ஒரே புல்வெளியில் யார் எந்தப் பக்கம் என்பது பிறப்பிலேயே முடிவாகியிருந்தது.

கால்பந்திலும் இதே நிலைதான். ஆசியாவின் மிகப் பழைய கால்பந்துச் சங்கங்களில் ஒன்றான சிங்கப்பூர் அமெச்சூர் கால்பந்துச் சங்கம் 1892-இல் தோன்றியது. 'மலாயா' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் இருந்தவர்கள் வழங்கிய கோப்பைக்காக 1921-இல் மலாயாக் கிண்ணப் போட்டி தொடங்கியது. முதல் இறுதியாட்டத்தில் சிங்கப்பூர் சிலாங்கூரை 2-1 என வென்றது. ஆனால் அந்தத் தொடக்க ஆண்டுகளில் சிங்கப்பூர் அணியில் ஆடியவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்களே. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களுக்கும் நகராட்சிக்குச் சாலை போட்டவர்களுக்கும் கோட்டுக்கு வெளியே நின்று பார்க்கத்தான் வாய்த்தது.

பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அதோடு நிற்கவில்லை. மலாய்க்காரர்கள் 1898-லேயே ஃபாத்துல் காரிப் என்ற கழகத்தைத் தொடங்கியிருந்தார்கள். சீனர்கள் தமக்கென ஒரு கால்பந்துச் சங்கம் கண்டார்கள். 1929 டிசம்பரில் ஜாலான் புசார் அரங்கம் திறந்தபோது, லிட்டில் இந்தியா எனப்படும் தேக்காவுக்குப் பக்கத்திலேயே கால்பந்துக்கு ஒரு வீடு கிடைத்தது. 1930களில் மாட் நூர், டோல்பத்தா, சுவா பூன் லே போன்றவர்கள் ஆடிய சிங்கப்பூர் அணி மலாயாக் கிண்ணத்தைத் திரும்பத் திரும்பத் தூக்கியது. சுவா பூன் லே 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் சீனாவின் அணிக்கே தேர்வானார். ஓரத்தில் நின்றவர்களின் அணிகளே பின்னர் நாட்டு அணிக்கு ஆள் கொடுத்தன.

பாலஸ்டியர் சாலையில் நம்மவர்கள்

சிங்கப்பூருக்கான முதல் அமெரிக்கத் துணைத் தூதரான ஜோசப் பாலஸ்டியர் 1830களில் கரும்பு பயிரிட்ட நிலத்தை ஒட்டிப் போகிறது பாலஸ்டியர் சாலை. கரும்பு விவசாயம் நிலைக்கவில்லை. அந்த வட்டாரத்தில் பிற்காலத்தில் வேரூன்றியவை சமூகச் சங்கங்கள். 1923-இல் பிறந்த இந்தியர் சங்கம் இங்கே திடலோடு நிலைபெற்றது. அதன் கட்டடத்துக்கு 1950-இல் அடிக்கல் நாட்டியவர் ஜவஹர்லால் நேரு. இலங்கையிலிருந்து வந்தவர்களின் சிலோன் ஸ்போர்ட்ஸ் கிளப் 1928-இல் தொடங்கியது. சீக்கியர்களின் கால்சா சங்கம் 1931-இல் உருவாகி, அருகிலுள்ள டெசன்சன் சாலையில் அமைந்தது.

அலுவலகத்தில் எழுத்தர், ரயில்வேயில் பணியாளர், பள்ளியில் ஆசிரியர் என்று பகலில் பிறருக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் மாலையில் இங்கே வந்து தலைவர்களாக நின்றார்கள். கிரிக்கெட்டும் ஹாக்கியும் கால்பந்தும் ஆடினார்கள். போட்டி நடத்த, கணக்கு வைக்க, தேர்தல் நடத்தித் தலைவரைத் தேர்ந்தெடுக்க, தோற்றாலும் கைகுலுக்க என ஒரு சமூகத்துக்கு வேண்டிய பாடங்களை இந்தத் திடல்கள் கற்றுக்கொடுத்தன.

அந்தக் காலத்து ஆற்றலுக்கு ஓர் உதாரணம் ஆறுமுகம் விஜயரத்தினம். யாழ்ப்பாணத் தமிழ் மரபினர், 1921-இல் பிறந்தவர், தொழிலால் பொறியாளர். ஹாக்கி, கிரிக்கெட், கால்பந்து, ரக்பி ஆகிய நான்கு ஆட்டங்களிலும் சிங்கப்பூருக்காக ஆடியவர். 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் எட்டாம் இடம் பிடித்த சிங்கப்பூர் ஹாக்கி அணியில் ஆடினார். பின்னாளில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் இணைவேந்தராகவும் இருந்தார்.

குதிரை ஓடிய இடத்தில்

தேக்காவின் ரேஸ் கோர்ஸ் சாலைக்குப் பெயர் கொடுத்த குதிரைப் பந்தயத் திடல் 1933-இல் புக்கிட் தீமாவுக்கு இடம் மாறியது. அது விட்டுச்சென்ற வெளிதான் ஃபேரர் பார்க். வேலி இல்லை, உறுப்பினர் சந்தா இல்லை. பந்து இருந்தால் போதும். பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக அங்கே ஆடிப் பழகினார்கள்.

அந்தத் திடல் விளையாட்டை மட்டும் பார்க்கவில்லை. 1942 பிப்ரவரி 17 அன்று, சரணடைந்த பிரிட்டிஷ் படையின் இந்தியச் சிப்பாய்கள் பல்லாயிரம் பேர் இங்கேதான் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். இந்திய தேசிய ராணுவத்துக்கு வித்திட்ட நிகழ்வுகளில் அதுவும் ஒன்று. அடுத்த ஆண்டு ஜூலையில், பாடாங்கில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் அந்தப் படையின் அணிவகுப்பைப் பார்வையிட்டார். வெள்ளையர் பந்தாடிய அதே புல்வெளியில், மலாயாத் தோட்டங்களிலிருந்து வந்த தமிழர்களும் சிப்பாய்களாகக் கால் பதித்தார்கள்.

விடுதலைக்குப் பின் ஒரே நாடு, ஒரே அணி என்றானது. அந்த அணியில் நம் பெயர்கள் ஒலித்தன. மூலையிலிருந்து உதைத்த பந்தை வளைத்து வலைக்குள் இறக்கியவர், 'கேமல்' என்று ரசிகர்கள் கொண்டாடிய எஸ். ராஜகோபால். 1977-இல் பினாங்கை 3-2 என வீழ்த்தி மலேசியக் கிண்ணத்தை மீட்ட அணிக்குத் தலைவர் சமது அல்லாப்பிச்சை. அப்போது கால்பந்துச் சங்கத்தின் தலைவராக இருந்து, ஆட்டத்தைத் தேசிய விளையாட்டரங்கத்துக்குக் கொண்டுபோனவர் வழக்கறிஞர் என். கணேசன். அடுத்த தலைமுறையில் வி. சுந்தரமூர்த்தி சுவிட்சர்லாந்தின் பாசல் கழகம்வரை போய் ஆடினார். 2016-இல் தேசிய அணிக்கே பயிற்றுநரானார்.

சேப்பாக்கத்திலும் அமெரிக்காவிலும்

இந்தக் கதை சிங்கப்பூருக்கு மட்டும் சொந்தமானதன்று. சென்னை சேப்பாக்கத்தில் ஐரோப்பியர் மண்டபத்தில் உணவருந்த, இந்திய ஆட்டக்காரர்கள் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். அதைப் பொறுக்காத புச்சிபாபு நாயுடு 1888-இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். தென்னிந்திய கிரிக்கெட் அங்கிருந்துதான் வளர்ந்தது. அவர் பெயரிலான போட்டி இன்றும் நடக்கிறது.

அமெரிக்காவில் இது பல்கலைக்கழகங்களின் வழியாக நடந்தது. அடிமைத்தளை ஒழிந்த பின்னும் பெரும்பாலான வெள்ளையர் கல்லூரிகள் கறுப்பின மாணவர்களுக்குக் கதவைச் சாத்தியே வைத்திருந்தன. அதனால் அவர்களுக்கெனத் தனிக் கல்லூரிகள் எழுந்தன. அத்தகைய இரண்டு கல்லூரிகள், பிடில், லிவிங்ஸ்டன், 1892 டிசம்பர் 27 அன்று வட கரோலினாவின் சாலிஸ்பரி நகரில் பனி படர்ந்த தரையில் அமெரிக்கக் கால்பந்து ஆடின. லிவிங்ஸ்டன் மாணவர்கள் பணம் பங்கிட்டுப் பந்து வாங்கியிருந்தார்கள். சாதாரணக் காலணியில் முள் பொருத்தி ஆடிவிட்டு, பிறகு அதைக் கழற்றிக்கொண்டார்கள். அதுவே கறுப்பினக் கல்லூரிகளுக்கிடையே நடந்த முதல் ஆட்டம்.

லூசியானாவின் கிராம்ப்ளிங் கல்லூரிக்கு 1941-இல் பயிற்றுநராக வந்த எடி ராபின்சனுக்கு அப்போது வயது 22. அவர் 1997 வரை அங்கேயே இருந்து 408 வெற்றிகளைக் குவித்தார். இருநூறுக்கும் மேற்பட்ட மாணவர்களைத் தொழில்முறை ஆட்டத்துக்கு அனுப்பினார். அவரிடம் பயின்ற டக் வில்லியம்ஸ் 1988-இல், தொழில்முறை ஆட்டத்தின் உச்சப் போட்டியான சூப்பர் பவுலை வென்ற முதல் கறுப்பின குவார்ட்டர்பேக் (தாக்குதலை வழிநடத்தும் ஆட்டக்காரர்) ஆனார்.

பிறகு வந்ததுதான் கவனிக்க வேண்டிய திருப்பம். 1970களில் பெரிய வெள்ளையர் பல்கலைக்கழகங்கள் கதவை அகலத் திறந்ததும் சிறந்த ஆட்டக்காரர்கள் அங்கே போகத் தொடங்கினார்கள். நீதி கிடைத்தது; ஆனால் அந்த ஆட்டக்காரர்களை வளர்த்த பழைய கல்லூரி அணிகள் ஆளின்றி மெலிந்தன. ஆயினும் அவை அழிந்துவிடவில்லை. கிராம்ப்ளிங்கும் சதர்ன் பல்கலைக்கழகமும் மோதும் ஆட்டத்துக்கு, ஊதுகுழல் அணிகளோடும் குடும்பங்களோடும் மக்கள் இன்றும் ஆண்டுதோறும் திரள்கிறார்கள். பழைய பயிற்றுநர் ராபின்சனின் பெயர் கிராம்ப்ளிங் வளாகத்து அரங்கத்துக்கு இருக்கிறது. தங்கள் கதையை அவர்கள் எழுதிவைத்தார்கள், பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். அணிகள் பிழைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

சிங்கப்பூரிலும் ஒரு நல்ல சான்று இருக்கிறது. சீக்கியச் சமூகத்தின் பெயரைத் தாங்கி கிளமெண்டி கால்சா 1999-இல் நாட்டின் தொழில்முறைக் கால்பந்துப் போட்டியான எஸ்-லீக்கில் இறங்கியது. 2002-இல் அது ஃபாத்துல் காரிப் வழிவந்த பாலஸ்டியர் கழகத்தோடு இணைந்து பாலஸ்டியர் கால்சா ஆனது. 2014-இல் அந்தக் கழகம் சிங்கப்பூர்க் கிண்ணத்தை வென்றது. இன்று அதில் எல்லா இனத்தவரும் ஆடுகிறார்கள். பெயரில் மட்டும் பழைய வேர் பத்திரமாக இருக்கிறது. பிறரைச் சேர்த்துக்கொள்வதற்காகத் தன் பிறப்பை மறக்க வேண்டியதில்லை என்று அந்தக் கழகம் காட்டிவிட்டது.

மீண்டும் கோட்டுக்கு வெளியே

நூறாண்டுக்கு முன் பாடாங்கின் ஓரத்தில் நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று குடிமக்கள். எல்லாத் திடலும் அவர்களுக்குத் திறந்திருக்கிறது. ஓரத்தில் நிற்பவர்கள் இப்போது வேறு ஆட்கள். 2013 டிசம்பரில் தேக்காவில் வெளிநாட்டு ஊழியர்கள் ஈடுபட்ட கலவரத்துக்குப் பிறகு, அவர்களுக்கான பொழுதுபோக்கு வசதிகள் விடுதிகளை ஒட்டியே பெருகின. 2014-இல் திறந்த துவாஸ் வியூ விடுதி பதினாறாயிரத்துக்கும் மேற்பட்டோர் தங்கும் சிற்றூர். அங்கே கிரிக்கெட் திடலும் திரையரங்கும் உண்டு. வசதிகள் நல்லவையே. ஆனால் எல்லாம் விடுதி வளாகத்திலேயே கிடைப்பதால், நகரத்தவர் இவர்களோடு சேர்ந்து ஆடும் வாய்ப்பு குறைகிறது.

2020-இல் கொரோனா வந்தபோது விடுதி வளாகங்கள் முழுச் சிறையாயின. ஆண்டு இறுதிக்குள் விடுதிவாசிகளில் 47 விழுக்காட்டினரைத் தொற்று தொட்டிருந்ததாக மனிதவள அமைச்சு தெரிவித்தது. நகரம் இயல்புக்குத் திரும்பிய பிறகும் அவர்களுக்குக் கட்டுப்பாடு நீடித்தது. 2022 ஜூனில்கூட, ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்குப் போக அனுமதிச் சீட்டு கேட்டு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. இருபதுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட இளைஞர்களுக்கு ஒரு பந்தும் கொஞ்சம் புல்லும் எவ்வளவு பெரிய மருந்து என்பதை அந்த இரண்டு ஆண்டுகள் உணர்த்தின.

துவாஸ் அணிகளுக்கு ஒரு தனிச் சிக்கலும் உண்டு. பாலஸ்டியர் சாலைக்காரர்கள் இங்கேயே குடியேறினார்கள். அவர்களின் சங்கம் வளர்ந்தது, ஆவணம் சேர்ந்தது. துவாஸ் ஆட்டக்காரரின் வேலை அனுமதி முடிந்தால் அவர் ஊர் திரும்புகிறார். தலைவர் போனால் அணி கலைகிறது. கோப்பை யார் பெட்டியில் போனது என்று தெரியாது. கைப்பேசியிலிருக்கும் படங்கள் கைப்பேசியோடு போகின்றன. இந்தத் தலைமுறை எதையும் எழுதிவைக்காமல் விட்டால், இந்த நகரத்தைக் கட்டியவர்கள் இங்கே விளையாடவும் செய்தார்கள் என்பதற்குச் சான்றே மிஞ்சாது.

செய்ய வேண்டியவை எளியவை. பாலஸ்டியர் வட்டாரத்துச் சங்கங்கள் ஆண்டுக்கொருமுறையாவது துவாஸ் அணிகளைத் தம் திடலுக்கு அழைத்து ஆட வேண்டும்; எந்த நிலையில் தாங்கள் பிறந்தோம் என்பதை அந்தச் சங்கத்தாரைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை. முதலாளிகள் ஞாயிற்றுக்கிழமையை ஞாயிற்றுக்கிழமையாக விட்டுவைக்க வேண்டும். கேம்பல் லேனில் 2015 முதல் இயங்கும் இந்திய மரபுடைமை நிலையம், இவர்களின் ஜெர்சிக்கும் ஆட்டக் கணக்குப் புத்தகத்துக்கும் ஓர் அலமாரி ஒதுக்க வேண்டும். ஃபேரர் பார்க் திடலில் வீடுகள் எழத் திட்டம் அறிவிக்கப்பட்டுவிட்டதால், அங்கே ஆடியவர்களின் நினைவுகளையும் பதிவுசெய்தாக வேண்டும்.

துவாஸ் விடுதிகளில் அணி நடத்தும் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆட்டத்துக்கு முன் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். தேதி, திடல், ஆடியவர்களின் பெயர், ஊர், எடுத்த ஓட்டங்கள் எல்லாவற்றையும் எழுதுங்கள். நீங்கள் ஊர் திரும்பும்போது அதை அடுத்த தலைவரின் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள்.