கை மரத்துப்போதல்

கை மரத்துப்போதல் என்பது கையில் தொடு உணர்ச்சி குறைதல் அல்லது அற்றுப்போதல் ஆகும். இது தனி நோயன்று. பெரும்பாலும் நரம்புப் பாதிப்பின் அறிகுறியாகும்.

காரணங்கள்

மணிக்கட்டில் நரம்பு அழுத்தப்பட்டால் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியன மரக்கும். இரவில் இது மிகும். முழங்கை நரம்பு பாதிக்கப்பட்டால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரக்கும். நீரிழிவு, உயிர்ச்சத்து பி12 குறைபாடு, கழுத்தெலும்புத் தேய்வு ஆகியனவும் காரணங்களாகும்.

தொழுநோய்

உணர்ச்சியற்ற வெளிர் தேமலுடன் கை மரத்தல் தொழுநோயின் அறிகுறியாக இருக்கலாம். செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1955 முதல் இந்நோய்க்கான மைய அரசின் பயிற்சி, ஆராய்ச்சி நிலையம் இயங்கி வருகிறது. கூட்டு மருந்துச் சிகிச்சையால் இந்நோய் முற்றிலும் குணமாகும்; எனினும், காலந்தாழ்த்தினால் இழந்த உணர்ச்சி மீளாமற் போகலாம். மரத்த கை சூட்டை அறியாது. எனவே அடுப்புப் பாத்திரங்களைத் துணி கொண்டே பிடித்தல் வேண்டும்.

தணிக்கும் முறைகள்

இரவில் மணிக்கட்டை நேராக நிறுத்தும் பட்டை அணிதலும், முழங்கையை நெடுநேரம் மடக்காதிருத்தலும் நரம்பழுத்தத்தைக் குறைக்கும். திடீரென ஒருபக்கக் கை மரத்து, வாய் கோணினாலோ பேச்சுக் குழறினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108 அவசர ஊர்தியை அழைத்தல் வேண்டும்.