தாதிமை: தொண்டும் கல்வியும்

பிணியுற்றோருக்குச் செய்யும் பணிவிடை இறைவனுக்குச் செய்யும் பணிவிடையே என்பர் பெரியோர். அப்பணிக்கு அன்பு மட்டும் போதாது, அறிவும் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு: படுத்த படுக்கையாய் இருப்பவருக்கு இடுப்பு, குதிகால் போன்ற இடங்களில் உடற்பாரம் அழுத்துவதால் இரத்த ஓட்டம் தடைப்பட்டுப் புண் உண்டாகிறது. அவ்விடம் சிவந்தால் நன்கு தேய்த்துவிடுமாறு முற்காலத் தாதியருக்குக் கற்பிக்கப்பட்டது. தேய்ப்பது நலிந்த தோலை மேலும் கெடுக்கக்கூடும் எனப் பின்னர் தெரியவந்தது. அடிக்கடி புரட்டிப் படுக்கவைத்து அழுத்தத்தைக் குறைப்பதே இன்று கற்பிக்கப்படும் முறை. இவ்வாறு பழக்கத்தைச் சோதித்துத் திருத்த உயர்கல்வி தேவை.

சிங்கப்பூரில் 1885இல் பிரெஞ்சுக் கன்னியாஸ்திரீகள் பொது மருத்துவமனையில் தாதிமைப் பணியைத் தொடங்கினர். 1956இல் தாதியர் பள்ளி ஏற்பட்டது. 1992இல் நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரியிலும், 2006இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பாகவும் அக்கல்வி வளர்ந்தது. இன்று முனைவர் பட்டம் வரை பயிலலாம், ஆண்களும் பயில்கின்றனர்.

ஆயினும் நம் இல்லங்களில் ‘டாக்டருக்குப் படி’ என்போரே மிகுதி. பிள்ளைகள் தாதிமையை விரும்பினால் பெற்றோர் தடுக்க வேண்டாம். அன்பர்கள் மனமுவந்து வழங்கும் கல்வி நிதி அத்தகைய மாணவரையும் சென்றடையட்டும். அதுவும் அன்னதானத்திற்கு இணையான அறமே.