எல்லையோர உயிர்கள் – 9: அயனி மூட்டில்

சென்ற வாரம் நெய்யாற்றுக் கரையின் கைதைப் புதர்களோடு நின்றோம். இந்த வாரம் கரையேறி, கேரளத்து ஆரியங்கோட்டு விளைகளுக்குள் போவோம். மேடும் பள்ளமுமான செம்மண். திரும்பின பக்கமெல்லாம் ரப்பர். நடுவே ஒரு வீட்டின் பின்புறம் நெட்டையாக நிற்கிறது ஒரு அயனி.

புத்தக மலையாளத்தில் இது ஆஞ்ஞிலி. இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அயனிதான், எல்லைக்கு அப்பால் விளவங்கோட்டிலும் அயனிதான். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தமிழகத்தோடு சேர்ந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. மரத்தின் பெயரை யாரும் பிரிக்கவில்லை.

பலாவுக்கு நெருங்கிய உறவு இது. பலாவுக்கு இங்கே பெரிய மரியாதை. எட்டுவீட்டுப் பிள்ளைமாரிடமிருந்து தப்பிய திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா ஒளிந்ததாகச் சொல்லும் அம்மச்சிப் பிலாவு நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோயிலில்தான் இருக்கிறது. 2018-ல் சக்கை, அதாவது பலாப்பழம், கேரளத்தின் மாநிலப் பழமும் ஆனது. அயனியை அப்படி யாரும் கொண்டாடியதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையும் அதை ஒட்டிய நிலமும்தான் அதற்குச் சொந்த ஊர். இயற்கையாக வேறெங்கும் முளைக்காத மரம். 17ஆம் நூற்றாண்டில் ஆம்ஸ்டர்டாமில் அச்சான ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ் என்ற தாவர நூலிலேயே அதன் படம் வந்துவிட்டது.

கோடையில் அயனிச்சக்கை பழுக்கும். கைக்குள் அடங்கும் அளவு, மேலெல்லாம் மென்முள். கத்தி வேண்டாம், விரலாலேயே தோலை உரித்துவிடலாம். உள்ளே நடுத்தண்டைச் சுற்றி ஆரஞ்சு நிறச் சுளைகள் நெருக்கியடித்து நிற்கும். இனிப்போடு லேசான புளிப்பு. சுளைக்குள் இருக்கும் கொட்டையை வறுத்தால் நிலக்கடலை மாதிரி மணக்கும். உதிர்ந்த ஆண்பூத் திரியைக் காயவைத்துக் கொசுவுக்குப் புகை போடுவார்கள்.

பழம் மனிதருக்குக் கிடைப்பது மிச்சம்தான். பகலில் குக்குறுவான், மாங்குயில், அணில். இருட்டினால் வவ்வாலும் மரப்பட்டியும். தமிழ்ப் புத்தகங்கள் மரநாய் என்று எழுதும் அந்த மரப்பட்டிதான் என்னைக் கவர்ந்த பிராணி. ஓட்டுக்கூரையில் ஓடி மச்சில் குட்டி போடுவதால் வீட்டாருக்கு அதன்மேல் கோபம். ஆனால் சுளையைத் தின்று கொட்டையை முழுசாக வேறிடத்தில் கழித்துவிட்டுப் போவதும் அதுதான். அயனிக் கொட்டை உலர்ந்தால் சில நாளிலேயே முளைக்கும் சக்தியை இழந்துவிடும். ஈரம் காயும் முன்னே அதை மண்ணில் சேர்க்க இப்படி ஒரு ஆள் வேண்டும். மழைக்குச் சற்று முன்பே பழுப்பது எவ்வளவு பொருத்தம்!

அயனிக்கு ஆபத்து அதன் தடியிலேயே இருக்கிறது. 30 மீட்டருக்கு மேலும் வளரும் நேரான தடி. கரையானும் தண்ணீரும் லேசில் அரிக்காது. சுண்டன் வள்ளம் என்ற பந்தயப் படகு செய்ய ஆலப்புழைப் பக்கம் தேடுவது இந்த மரத்தைத்தான். கல்யாணச் செலவுக்கு ஒன்று, வீட்டுக் கதவு நிலைக்கு ஒன்று என்று விளைதோறும் போனது. போன இடத்தில் ரப்பர் வந்தது. ரப்பர் தோட்டத்துக்குப் பழம் தேடி எந்த மாங்குயிலும் வராது. அதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவே மாட்டேன் என்கிறது.

அந்த வீட்டு அம்மையிடம், சக்கை பறிப்பதுண்டா என்று கேட்டேன்.

“இதுல ஏற இப்ப ஆளு எங்க மக்களே? மூட்டுல விழுறதைப் பொறுக்குவோம். வெலை கேட்டு ரெண்டு தடவை வந்தாச்சு. நான் குடுக்கல.”

வேலியோரம் முழங்கால் உயரத்தில் ஒரு கன்று நின்றது. இலைகள் விரல் விரித்ததுபோல் பிளந்திருந்தன; தாய்மரத்து இலையில் பிளவே கிடையாது. அயனிக்கு இளமையில் அப்படித்தான். யார் நட்டது என்றேன். “நாங்க நடல்ல, மரப்பட்டி போட்டதாக்கும்” என்றவர், ஆடு கடிக்காமல் சுற்றிலும் குத்தி வைத்திருந்த முள்கொம்புகளில் சாய்ந்திருந்த ஒன்றை நிமிர்த்தி ஊன்றினார்.

(அடுத்த வாரம்: பாம்புக்காவு)